கடிக்காத பெல்ட்டு

"ஏம்மா, கடிக்காத பெல்ட்டு இருக்குதா?"

அவர் எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்தபோது கேட்டது இதுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் எங்கள் கடை. கயிறு, தார்ப்பாய், மோட்டார் சாமான், கட்டட வேலைக்கு வேண்டிய ஹெல்மெட், கையுறை எல்லாம் வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் பெரும்பாலும் மோட்டார் ரிப்பேருக்கு வயல்வெளி சுற்றப் போய்விடுவார். கல்லாவில் மாமனார், சாமான் எடுத்துக் கொடுக்க நான்.

நான் அவர் கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "அது ரெடிமேட் கடையில கேளுங்கண்ணா" என்றேன்.

"பேண்ட்டுக்கு இல்லம்மா. மரம் ஏற."

கையிலிருந்த பையிலிருந்து ஒரு பழைய பெல்ட்டை எடுத்துக் கல்லாமேல் போட்டார். கட்டட வேலைக்காரர்கள் போடுகிற சாதாரண பெல்ட்தான். ஆனால் தொடையைச் சுற்றி வருகிற வார் முழுக்கச் சேலைத் துணி சுற்றியிருந்தது. இடுப்பு வாரில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத் தைத்திருந்தார். சேலை ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

"எம்பொண்டாட்டி சேலை. கேட்டா அவ குடுக்கமாட்டா, அதனால கேக்கல" என்றார். "இவ்ளோ சுத்தியும் கடிக்குதும்மா."

ஐம்பதை நெருங்கிய ஆள். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு. கைகள் இரண்டும் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஆனால் வயிறு மட்டும் வேறு யாருடையதோ போல மெத்தென்று முன்னால் நிற்கும். வீட்டு மேல் சாய்ந்த மரம், கரண்ட் கம்பியைத் தொடுகிற கிளை, காற்றில் முறிந்து பாதியில் தொங்குகிற கொம்பு இதெல்லாம் வெட்டி இறக்குவதுதான் அவர் தொழில். கூட அவர் மச்சினன் வேலை செய்தான். மனைவியின் தம்பி.

செருப்பு கடிக்கும் என்று நாமெல்லாம் சொல்வோம். அவருக்கு எல்லாமே கடிக்கும். சட்டைக் காலர் கடிக்கும். உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கடிக்கும், எழுந்து இன்னொரு சீட்டுக்குப் போவார், அதுவும் கடித்தால் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்வார். யாராவது பேசுகிற பேச்சு பிடிக்காவிட்டாலும் "கடிக்குதுப்பா, வேற பேசு" என்பார். வலிக்கிறதை வெளியே சொல்வதில் அவருக்கு வெட்கமே கிடையாது. எங்கள் பக்கத்து ஆம்பளைகளிடம் நான் அதுவரை அப்படி ஒரு குணத்தைப் பார்த்ததில்லை. முதுகு ஒடிய மூட்டை தூக்கிவிட்டு, "எப்பிடி இருக்குது?" என்று கேட்டால், "ஒன்னும் இல்ல" என்பார்கள். இவரைக் கேட்டால் எங்கே, எப்போதிலிருந்து, எப்படித் திரும்பினால் ஜாஸ்தி, எப்படித் திரும்பினால் கம்மி என்று நின்று நிதானமாகச் சொல்வார்.

கடையில் இருந்த பெல்ட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கீழ வியிந்தா புடிக்கிற பெல்ட்டு. நல்லது தான். ஆனா நான் வியறதுக்கு மரம் ஏறலியே. நாளெல்லாம் மரத்து மேல குந்திக்கினு வேல செய்யணும். குந்தற பெல்ட்டு வேணும்."

அப்படி உட்காருகிற பெல்ட் இருப்பது எனக்குத் தெரியும், விற்றதில்லை. கோயம்புத்தூரில் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் போனில் கேட்டேன். மூன்று விதம் இருக்கிறது, போட்டுப் பார்க்கட்டும், வேண்டாததைத் திருப்பி அனுப்புங்கள் என்றார்.

பெல்ட்டுகள் வந்து சேர்ந்த அன்று காலையே வந்துவிட்டார். பிரித்து, வார்களை இழுத்து, கொக்கிகளைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மோட்டார் தூக்குவதற்காகக் கடை வாசலில் ஓர் இரும்பு உத்தரம் போட்டு, அதில் சங்கிலிக் கப்பி மாட்டியிருப்போம்.

"அதுல தொங்கிப் பாக்கட்டுமா?"

மாமனார் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, கடையா, கூத்து மேடையா?"

"பெரியவரே, செருப்பு வாங்கனா ரெண்டு அடி நடந்து பாக்கறோம் இல்ல? இதுல தொங்காம எப்பிடிங்க வாங்கறது?"

மாமனார் கணக்கு நோட்டுப் பக்கம் திரும்பியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவர் முதல் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சாலையைப் பார்த்தபடி, தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி தொங்கினார்.

"நல்லா இருக்குதாண்ணா?" என்றேன்.

"எல்லா பெல்ட்டும் மொதல்ல நல்லா தாம்மா இருக்கும். ஒரு டீ சொல்லு. குடிச்சி முடிக்கறதுக்குள்ள அதோட கொணம் தெரிஞ்சிடும்."

டீ வந்தது. தொங்கிக்கொண்டே ஊதி ஊதிக் குடித்தார். பாதி டம்ளரில் முகம் மாறியது. இடுப்பு எலும்பு இரண்டிலும் கடிக்கிறது என்றார். வார் அகலம் போதவில்லை. முதல் பெல்ட் பெட்டிக்குள் போயிற்று.

இரண்டாவது பெல்ட்டில் உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு கிளையை எட்டி அறுப்பது போல் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மெதுவாகக் கால் ஊன்றி இறங்கி, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக மாமனாரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். மாமனார் சிரித்தார். என் மாமியார் இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டு, "அந்த பெல்ட்ட திருப்பி அனுப்பிடும்மா. ஆம்பளைங்களுக்கு ஆவாது" என்றார்.

மூன்றாவதில் இடுப்புப் பட்டை நல்ல அகலம். தொடைக்கும் மெத்தை வைத்த பட்டை. முன்பக்கம் ஒரு சிறு கயிறும் அதில் ஓடுகிற வளையமும் இருந்தன. அதனால் இப்படியும் அப்படியும் திரும்பினாலும் பெல்ட் கூடத் திரும்பி இழுக்கவில்லை. டீ முடிந்தது. முகம் மாறவில்லை. சந்தோஷமாக இறங்கினார். எடுத்துக்கொள்வார் என்று பார்த்தால், "சாப்ட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

சாப்பிட்ட பிறகு வயிறு வேறு அளவாம். அதற்காக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகிற அதே தடித்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, கைவாளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மறுபடி தொங்கினார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், பின்னால் சாய்ந்தார். நான் ஒரு ஆளுக்குத் தார்ப்பாய் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பினால் குறட்டைச் சத்தம். வாள் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம், நடுவில் அவர் தலை சாய்ந்து தூங்குகிறார். சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டினார். மாமனார் வாசலில் நின்றுகொண்டு, "சத்தம் போடாதீங்க. பெல்ட்டு பாத்துக்கினு இருக்காரு" என்று எல்லாரையும் அமர்த்தினார்.

தூங்கி எழுந்தும் வாங்கவில்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு ஒருமுறை வந்து தொங்கிவிட்டுத்தான் எடுத்துப் போனார். போகும்போது தொடைப் பட்டையை எப்படி இறுக்குவது என்று எனக்கும் காட்டினார். பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் நீட்டிய கை நுழைய வேண்டும், மூடிய கை நுழையக் கூடாது. "அடுத்த ஆளு வந்து கேட்டா சொல்லணும் இல்ல" என்றார். ஆனால் அடுத்த ஆள் யாரும் வரவில்லை. அவர் மச்சினனே வரவில்லை.

அந்த மச்சினனைப் பற்றி அவர் மனைவி எனக்குச் சொன்னாள். ஒருநாள் மணிலாக் கயிறு வாங்க அவளே வந்திருந்தாள். மஞ்சள் சேலை விஷயம் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"வாய மூடிக்கினு இருக்கவே தெரியாதுங்க இந்த மனுஷனுக்கு" என்றாள். "எங்க கல்யாணத்துல மச்சினன் மோதிரம் போடறாங்க இல்ல, எந்தம்பி போட்டான். மோளம் கொட்டுது, அட்சதை வியுது, அப்ப 'மோதிரம் கடிக்குது'ன்னு சத்தமா சொல்றாரு. எல்லாரும் பாத்துட்டாங்க. எங்கப்பாவுக்கு மூஞ்சே இல்ல. அப்பறம் எண்ண கொண்டாந்து கயட்டுனாங்க. எந்தம்பிக்கு அன்னிலேர்ந்து இவர கண்டா ஒரு வீம்பு. இவரு எத கடிக்குதுன்னு சொல்றாரோ அத அவன் தாங்கிக் காட்டுவான்."

"கூடவே தான வேல செய்றாங்க?"

"வேலயில பிரியமாட்டாங்க. பேச்சுல சேரமாட்டாங்க." கயிற்றைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டவள், போகாமல் நின்றாள். "ஆனா ஒன்னுங்க. எனக்கு முடியலன்னா நான் வாய் தொறக்க வேண்டியதே இல்ல. மூஞ்ச பாத்துட்டே எங்க கடிக்குதுன்னு கேட்டுடுவாரு."

மலைமேல் கரியாலூர்ப் பக்கம் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் அருவிக்குப் போகலாம் என்று தொல்லை செய்ததால் வீட்டுக்காரர் வேன் எடுத்தார். அங்கே ஒரு வீட்டில் தானும் மச்சினனும் வேலை செய்வதாகவும், ஒரு பெரிய கயிறு வேண்டும் என்றும் அந்த அண்ணன் சொல்லியிருந்தார். அதையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வண்டியில் போட்டுக்கொண்டோம்.

வீட்டு ஓட்டுக்கு மேல் ஒரு தைலமரம் சாய்ந்து நின்றது. நல்ல உயரம். நாங்கள் போனபோது மச்சினன் மேலே இருந்தான். இவர் கீழே, அந்த வீட்டு அம்மா கொடுத்த கேழ்வரகுக் களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, களி துன்றியா?" என்றார். கேட்டுவிட்டு வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினார்.

"சத்தம் வரல" என்றார்.

"இன்னாண்ணா?"

"அவன் பாட்டு பாடிக்கினே தான் அறுப்பான். பாட்டு நின்னுபோச்சி."

அண்ணாந்து பார்த்தோம். அறுத்த கொம்பு ஒன்று விழாமல் சுழன்று வந்து, அவன் நின்றிருந்த இடத்திலிருந்து அவனைத் தள்ளியிருந்தது. அவன் போட்டிருந்தது அதே கட்டட வேலை பெல்ட். முதுகுக் கொக்கியில் பிடித்திருந்ததால் கீழே விழவில்லை. முன்பக்கம் குனிந்தபடி தொங்கிக்கொண்டிருந்தான். அடிமரம் கைக்கு எட்டவில்லை.

"டேய், எப்பிடிடா இருக்குது?"

"ஒன்னும் இல்ல மாமா. கயிறு சிக்கிக்கிச்சி. நானே எடுத்துக்கினு வரேன்."

இவர் கையைக் கூடக் கழுவவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டு பெல்ட்டைப் போட்டார், புதுக்கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டார், ஏறினார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஒருவர் ஏற முடியும் என்று நான் நினைத்ததில்லை. மேலே ஒரு கவட்டையில் தன் கயிற்றைப் போட்டு, அதில் உட்கார்ந்தபடியே நகர்ந்து மச்சினன் பக்கத்தில் போய் நின்றார். நின்றார் என்று சொல்லக் கூடாது. சாய்வு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"கடிக்குதா?"

"இல்ல மாமா."

"கால அசை பாக்கலாம்."

கால்கள் அசையவில்லை. கீழே அந்த வீட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இவர் குரல் மட்டும் கடையில் டீ சொல்கிற மாதிரியே இருந்தது. ஆனால் கைகள் நிற்கவில்லை. பேசிக்கொண்டே மச்சினனின் பெல்ட்டில் புதுக்கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"வீம்பு அப்பறம் பாத்துக்கலாம்டா. எந்தக் காலு மரத்துப் போச்சின்னு சொன்னா தான் உன்ன எப்பிடி புடிக்கறதுன்னு எனக்குத் தெரியும். சொல்லு."

அவன் கையால் தன் தொடையைத் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் மாமா" என்றான். குரல் உடைந்துவிட்டது. "ரெண்டும் எனக்கு இல்லாத மாதிரி இருக்குது. கடிக்குது மாமா. உயுறு போற மாதிரி கடிக்குது."

"அவ்ளோ தான். சொல்லிட்ட இல்ல. வா."

அடுத்து அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். மச்சினனை இரண்டு கையாலும் வாரி இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். மீசை வைத்த ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தைலமரத்து உச்சியில் அக்கா புருஷன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேர் பாரத்தையும் அந்த பெல்ட் தாங்கியது. இவர் அவன் தொடையைத் தேய்த்துவிட்டார். முழங்காலைப் பிடித்து ஆட்டிவிட்டார். ரத்தம் ஓடத் தொடங்கியதும் அவன் "ஐயோ, ஐயோ" என்று கத்தினான். "கத்து, நல்லா கத்து" என்றார் இவர்.

பிறகு புதுக்கயிற்றை மேல் கவட்டையில் போட்டுக் கீழே விட்டார். என் வீட்டுக்காரர் அதை ஒரு பலாமரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து அவர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மச்சினன் தரைக்கு வந்து சேர்ந்தான். எங்கள் வேனிலேயே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஒன்றுமில்லை, நேரத்தில் இறக்கிவிட்டீர்கள் என்று சொல்லிச் சாயந்திரமே அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் அருவி பார்க்கவில்லை என்று ராத்திரி வரை முணுமுணுத்தார்கள்.

இவர் அதைப் பற்றிப் பெருமையாக ஒருநாளும் பேசியதில்லை. நானாக எடுத்தால், "மடியில வெச்சிக்கினு இருந்தேன் பாரு, அவன் இடுப்புல இருந்த கத்திப் புடி என் வயித்துல ஒரே கடி" என்பார்.

பத்து நாள் கழித்து மச்சினன் கடைக்கு வந்தான். கூட இவரும் வந்தார், ஆனால் உள்ளே வராமல் வெளியிலேயே பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றார். மச்சினன் என் முகத்தைப் பார்க்காமல், "மாமா போட்டிருக்காரே, அந்த மாதிரி" என்றான். அவனுக்கென்று நான் முன்பே வரவழைத்து வைத்திருந்த சிறிய அளவை உத்தரத்தில் மாட்டிவிட்டேன். தொங்கினான். கைநீட்டி ஒரு பக்கம் திரும்பினான். வெளியே நின்றவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. சைக்கிள் கடைக்காரர் பேசியதற்கு மட்டும் ரொம்பப் பலமாகத் தலையாட்டினார். மச்சினன் டீ குடித்து முடித்தான். என்னைக் கூப்பிட்டு, சின்னக் குரலில், "எடது பக்கம் கொஞ்சம் கடிக்குதுங்க" என்றான். வாரைத் தளர்த்தினேன். சரியாகிவிட்டது.

அதன் பிறகு மரம் வெட்டுகிற ஆட்கள் சின்னசேலத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் வரத் தொடங்கினார்கள். சில காலைகளில் இரண்டு பேர் தொங்க, மூன்றாவது ஆள் வரிசையில் நிற்பார். டீக்கடைக்காரர் எங்கள் வாசலுக்கே ஒரு ஃபிளாஸ்க் அனுப்பிவிடுவார்.

இவர் இப்போது மரம் ஏறுவதில்லை. அதையும் பெரிய முடிவாகச் செய்யவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து வந்தவர், "பெல்ட்டு கடிக்கலம்மா. முட்டி கடிக்குது. போதும்னு தோணுது" என்றார். வருத்தம் இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். புதுச்செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிறவர் மாதிரிதான் இருந்தார். திருநாவலூர்ப் பக்கம் மகள் வீட்டில் மனைவியோடு இருக்கிறார் என்று கேள்வி. பேரப்பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்து, முதலில் தானே ஆடிப் பார்ப்பதாக மச்சினன் சொன்னான்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போக வந்தார். கடையில் கூட்டம் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஏம்மா, நீ எங்க குந்துவ?"

எனக்குப் புரியவில்லை. "எங்கண்ணா குந்தறது? ஆளு வந்துக்கினே இருக்காங்க."

"ஆளு இல்லாதப்ப?"

யோசித்துப் பார்த்தேன். கடையில் இருந்தது ஒரே நாற்காலி. கல்லாவுக்குப் பின்னால், மாமனாருடைய மர நாற்காலி. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து கயிற்றுச் சுருள் மேல் சாய்ந்து நின்றுதான் பழக்கம். சாயந்திரம் பாதம் வீங்கும். எல்லாருக்கும் வீங்கும் என்று இருந்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா" என்றார்.

எதிர்ச்சாரியில் பிளாஸ்டிக் சாமான் கடை. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் வாசலில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார். தெரு பார்க்கிறது என்று எனக்குக் கூச்சம். முதல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நல்லா இருக்குதுண்ணா" என்று எழுந்தேன்.

"நல்லா குந்தும்மா. முதுகு எங்க படுது?"

மறுபடி உட்கார்ந்தேன். "படல."

"அப்ப அது வேணாம். அடுத்தது."

இரண்டாவது ஆடியது. மூன்றாவதில் கைப்பிடி இடித்தது. கடைக்காரர் பொறுமையாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நான்காவதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதிரில் எங்கள் கடையும் உத்தரமும் தெரிந்தன. இந்தப் பக்கத்திலிருந்து என் கடையை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"கடிக்குதா?"

"இல்லண்ணா."

"நெசமா?"

"ஓரம் கொஞ்சம் தொடையில அழுத்துது."

"ஆங்" என்றார். அவ்வளவு திருப்தியாக அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஐந்தாவது நாற்காலியில் ஓரம் வளைந்து இறங்கியிருந்தது. முதுகு முழுக்கப் பட்டது. ஒன்றும் அழுத்தவில்லை. அதை வாங்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவரே சாலையைத் தாண்டிக் கொண்டுவந்து, கயிற்றுச் சுருள்களைத் தள்ளிவிட்டுப் போட்டார். "வரேம்மா, வரேன் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் உட்கார்ந்தேன். மாமனார் கல்லாவில் சில்லறையை எண்ணுவது போல் இருந்தார். அன்று முழுக்க அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கோபமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம்.

மறுநாள் கடை திறந்து, விளக்கேற்றி, அவர் தன் மர நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எதிர்ச்சாரியைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏம்மா, நேத்து நீ குந்திப் பாத்தியே, அதுல முதுகு நல்லா ஒசரமா ஒன்னு இருந்துதா?"